உணவுக்குக் கணக்குப் போதும், தீர்ப்பு வேண்டாம்: எடை குறைப்பு ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவியல் வல்லுநர்களுக்கும், எடை குறைப்பு ஆலோசகர்களுக்கும், உடற்பயிற்சிப் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

என் உணவுக் குறிப்பேட்டில் ஒரு வெற்றுப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி உங்களிடம் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, 92 கிலோ எடையோடும், எல்லைக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரத்தச் சர்க்கரையோடும், எடை குறைப்பு ஆலோசகர் ஒருவரிடம் சேர்ந்தேன். உண்பதை எல்லாம் எழுதி வாரம் ஒருமுறை காட்டச் சொன்னார். மூன்று வாரம் ஒழுங்காக எழுதினேன். அவர் தந்த உணவு அட்டவணையில் உள்ளவை பச்சை மையிலும், இல்லாதவை சிவப்பு மையிலும் வட்டமிடப்பட்டு என்னிடம் திரும்பி வந்தன. சிவப்பு வட்டம் ஒன்றின் அருகில் 'மனக்கட்டுப்பாடு?' என்று ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. நான்காவது வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு துண்டு கேக் உண்டேன். அந்தத் துண்டோடு நின்றிருந்தால் அந்த நாளைப் பற்றி இன்று சொல்வதற்கு எதுவும் இருந்திருக்காது. ஆனால் வாயில் வைத்த மறுகணமே 'இன்றைய நாள் கெட்டுவிட்டது, இனி நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு துண்டு உண்டேன். வீடு திரும்பியபின் அலமாரியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கைக்கூடப் போடாமல், நின்றுகொண்டே உண்டேன். எதன் சுவையும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் குறிப்பேட்டைத் திறந்தேன். எழுதக் கை வரவில்லை. பக்கத்தை வெறுமையாக விட்டேன். ஆலோசகர் கேட்டபோது உடல்நலம் சரியில்லை என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதியவற்றில் பாதி பொய்.

உணவுக் குறிப்பை ஒழுங்காக எழுதுவோர் எழுதாதோரைவிட அதிகமாக எடை குறைக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரியவந்த செய்தி. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அளவோடு உண்ண விரும்புபவருக்கு முதலில் தேவைப்படுவது தாம் எவ்வளவு உண்கிறோம் என்ற உண்மையான அறிவு. குற்றவுணர்வு முதலில் கெடுப்பதும் அந்த அறிவைத்தான். தண்டனைக்கு அஞ்சுபவர் கணக்கை மறைப்பார். கணக்கு மறைந்தபின் அளவு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. என் எடை குறையாமல் போனதற்குக் கேக்கைவிட அந்த வெற்றுப் பக்கமே பெரிய காரணம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அன்றிரவு எனக்கு நேர்ந்தது என் தனிப்பட்ட குறைபாடு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகுதான் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அறிந்தேன். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்களையும் அப்படிக் கட்டுப்படுத்தாதவர்களையும் அழைத்து, சிலருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் உண்மையில் பார்த்தது எவ்வளவு ஐஸ்கிரீம் தீர்கிறது என்பதை. கட்டுப்பாடு இல்லாதவர்கள், முன்பே மில்க்ஷேக் குடித்திருந்தால், வயிறு நிறைந்த அளவுக்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்ஷேக் குடித்தபின் கூடுதலாக உண்டார்கள். விதி உடைந்துவிட்டது, இனி எவ்வளவு உடைந்தால் என்ன என்ற நிலை அது. கேக் உண்ட இரவில் என் அலமாரிக் கதவைத் திறந்தது பசியன்று, கெட்டுவிட்ட நாளைப் பற்றிய அந்த எண்ணம்தான் என்பதை அந்த முடிவுகளைப் படித்தபோது புரிந்துகொண்டேன்.

இதன் மறுபக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிளேர் ஆடம்ஸும் மார்க் லியரியும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவியர் முதலில் ஒரு டோனட் உண்டனர். அவர்களில் ஒரு பகுதியினரிடம், இத்தகைய உணவை எல்லோரும் எப்போதாவது உண்கிறார்கள், அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை என்ற பொருளில் சில சொற்கள் மட்டும் சொல்லப்பட்டன. பின்னர் மிட்டாய்கள் வைக்கப்பட்டபோது, வழக்கமாக உணவைக் கட்டுப்படுத்துபவர்களுள் அந்தச் சொற்களைக் கேட்டவர்கள், கேட்காதவர்களைவிடக் குறைவாகவே உண்டார்கள். இதை ஒரு முறைக்குப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு புதிய உணவுத்திட்டமோ மருந்தோ அங்கே தரப்படவில்லை. கனிவான சில சொற்கள்தான் அடுத்த கைப்பிடியைக் குறைத்தன. நியூசிலாந்தில் ரோலின் குய்யரும் ஜெசிக்கா பாய்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. சாக்லேட் கேக் என்றதும் மனத்தில் எழுவது குற்றவுணர்வா, கொண்டாட்டமா என்று அவர்கள் கேட்டார்கள். குற்றவுணர்வு என்றவர்களுக்கு நல்ல முறையில் உண்ணும் எண்ணம் கூடுதலாக இருக்கவில்லை. உணவின் மீது தமக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்ற நம்பிக்கை குறைவாகவே இருந்தது. எடை குறைக்க விரும்பியவர்களுள்ளும், மூன்று மாதத்திற்குப் பின் பார்த்தபோது, குற்றவுணர்வு என்றவர்களே பின்தங்கியிருந்தார்கள்.

குற்றவுணர்வு இல்லாவிட்டால் மனிதர் வரம்பின்றி உண்பார்கள் என்று உங்களில் பலர் மனமார நம்புகிறீர்கள். அதனால்தான் சிவப்பு மை. அந்த நம்பிக்கையை நான் எள்ளி நகையாடவில்லை. நானும் அதே நம்பிக்கையில் 15 ஆண்டுகள் வாழ்ந்தேன். அந்த 15 ஆண்டுகளில் என் எடை 19 கிலோ கூடியது.

இனி எடைக்கருவியைப் பற்றி. விருந்துக்கு மறுநாள் காலையில் நான் ஏறி நின்றபோது அது 1.2 கிலோ கூடுதலாகக் காட்டியது. ஒரே இரவில் இவ்வளவு கொழுப்பா என்று அழுதேன். அன்று யாராவது என்னருகில் உட்கார்ந்து ஒரு எளிய கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதாகக் கொள்கிறோம். அப்படியானால் 1.2 கிலோ கொழுப்புச் சேர, அன்றாடத் தேவைக்கு மேல் 9,000 கலோரிக்கும் அதிகமாக உண்டிருக்க வேண்டும். நான் அன்று எவ்வளவோ உண்டேன் என்றாலும் அந்த அளவின் அருகில்கூடப் போகவில்லை. பெரும்பகுதி நீர். மாவுச்சத்தும் சர்க்கரையும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாக மாறித் தசையிலும் கல்லீரலிலும் தங்கும்போது, ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. உப்பு மிகுந்த உணவும் நீரைத் தேக்குகிறது. செரித்து முடியாத உணவின் எடையும் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் அது தானாகவே இறங்கிவிடும். இதை அறியாதவர் அந்த மூன்று நாளும் பட்டினி கிடப்பார், நான்காவது நாள் மீண்டும் அலமாரியைத் திறப்பார். நான் செய்தது அதுவே. எடைக்கருவியை உங்கள் அறையில் வைத்திருக்கும் நீங்கள், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் முதல் நாளே விளக்குங்கள். ஒரு நாளின் எண்ணைப் பார்க்காமல் வாரச் சராசரியைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

கேக்கின் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரு துண்டுக்கு 400 கலோரி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,900 கலோரி உண்பவருக்கு ஒரு வாரத்தில் 13,300 ஆகிறது. அந்தத் துண்டு அதில் நூற்றுக்கு மூன்று பங்கு. அடுத்த இரண்டு மூன்று வேளைகளில் பரிமாறும் கரண்டியைச் சற்றே சிறிதாக்கினால் அது ஈடாகிவிடும். ஈடாக்காமல் விட்டாலும் வாரத்தின் போக்கு மாறாது. பெரிய இழப்பை உண்டாக்கியது அந்தத் துண்டுக்குப் பின் வந்த இருட்டுச் சமையலறைதான்.

உங்கள் சொற்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விருப்பமானதை உண்ணும் நாளுக்கு 'சீட் டே', அதாவது ஏமாற்றும் நாள், என்று பெயர். யாரை ஏமாற்றுகிறோம்? உங்களையா, நம்மையா, நம் உடலையா? சில உணவுகளைச் 'சுத்தமானவை' என்றால் மற்றவற்றை உண்பவர் அழுக்காகிவிடுகிறார். இனிப்பை உண்டவரிடம் 'இதை எரிக்க 40 நிமிடம் ஓட வேண்டும்' என்று சொல்லும் பயிற்றுநர், ஓட்டத்தையே அபராதமாக மாற்றிவிடுகிறார். அபராதம் கட்டுவதை யாரும் விரும்பித் தொடர்வதில்லை. நான் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் சேர்ந்து மூன்றையும் விட்டதற்கு இதுவே காரணம். இன்று நடக்கிறேன், நடை எனக்குப் பிடிக்கிறது, எதற்கும் ஈடாக நடப்பதில்லை.

உணவில் வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையின் அளவு முக்கியம். ஒவ்வாமை உள்ளவருக்குச் சில உணவுகள் உயிருக்கே ஆபத்து. சிறுநீரக நோயாளிக்கு உப்பில் கட்டுப்பாடு வேண்டும். அவற்றை மருத்துவக் காரணத்தோடு, தெளிவாக, உறுதியாகச் சொல்லுங்கள். காரணம் சொன்னால் மனிதர் கேட்பார்கள். 'கெட்ட உணவு' என்ற சொல்லில் காரணம் எதுவும் இல்லை, பழி மட்டுமே இருக்கிறது.

கடுமையான அட்டவணைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944-இல் தொடங்கிய ஆய்வில், நல்ல உடல்நலமும் மனவுறுதியும் உள்ள 36 ஆண்கள் தாமாகவே முன்வந்து 24 வாரம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. நாள் முழுவதும் உணவைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் சிலர் வயிறு கொள்ளாத அளவுக்கு உண்டும் நிறைவு காணவில்லை. அவர்களுடைய குணம் ஒரே ஆண்டில் கெட்டுப்போயிற்றா? பட்டினிக்கு உடல் தரும் மறுமொழி அது. எனக்குத் தரப்பட்ட முதல் அட்டவணை 1,200 கலோரி. 2011-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வொன்று, எடை குறைத்தவர்களின் உடலில் பசியை நிர்வகிக்கும் இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) ஓராண்டுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. இவ்வளவையும் அறிந்த நீங்கள், ஒருவர் இரவில் பசித்து எழுந்தால் அதை ஒழுக்கக்கேடாக எப்படிக் கருதுகிறீர்கள்?

என் எடை எப்படிக் குறைந்தது என்பதைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் குறை மட்டும் கூறினால் மடல் முழுமையாகாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு உணவியல் வல்லுநரிடம் சென்றேன். முதல் நாளில் அவர் எந்த உணவை விடுவீர்கள் என்று கேட்கவில்லை. எந்த மூன்று உணவுகளை வாழ்நாள் முழுவதும் விடமாட்டீர்கள் என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அந்த மூன்றையும் திட்டத்தின் முதல் வரியில் எழுதி, பின்னர்தான் மற்றவற்றை அவற்றைச் சுற்றி அமைத்தார். மேசையில் உட்கார்ந்து, தட்டில் வைத்து, சுவை தெரியும்படி மெல்ல உண்ண வேண்டும் என்பது மட்டுமே அவற்றுக்கு நிபந்தனை. ஒளித்து உண்ண வேண்டிய தேவை இல்லாமல் போனதும், அவற்றின் மீது எனக்கு இருந்த வெறி சில மாதங்களில் தானாகவே தணிந்தது. பாதித் துண்டை மீதி வைக்கும் ஆளாக நான் மாறுவேன் என்று எனக்கே தெரியாது.

குறிப்பேடு இங்கேயும் இருந்தது. ஒரு வாரம் மிக மோசமான பக்கம் ஒன்றை நடுங்கிக்கொண்டே காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அன்று மதியம் என்ன உண்டீர்கள்?" என்று கேட்டார். வேலை மிகுதியால் மதிய உணவை விட்டிருந்தேன். "அப்படியானால் மாலை ஆறு மணிக்கு உங்களுக்கு வேறு எதுவும் நடந்திருக்க முடியாது" என்றார். மதிய உணவை எப்படித் தவறவிடாமல் இருப்பது என்பதைப் பற்றியே மீதி நேரம் பேசினோம். அந்த நாளுக்குப் பிறகு நான் குறிப்பேட்டில் பொய் எழுதவில்லை. எழுதத் தேவை இருக்கவில்லை.

இந்த வழி எளிதானது என்று யாரையும் நம்பவைக்க விரும்பவில்லை. அளவோடு உண்பது என்றால் குறைவாக உண்பதுதான். செலவாகும் ஆற்றலைவிட உண்பது குறையாமல் எடை குறையாது. அரைவயிறாக எழுந்த இரவுகள் எனக்கும் உண்டு. இரண்டு ஆண்டுகளில் 13 கிலோ குறைந்தது. நடுவே நான்கு மாதம் எதுவுமே அசையவில்லை. மெதுவானது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் முடிவு வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றப் பிரிவினருக்கு வைக்கப்பட்ட இலக்கு உடல் எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிட உடலுழைப்பும் மட்டுமே. அவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 92 கிலோ இருந்த எனக்கு அந்த 7 விழுக்காடு என்பது ஆறரைக் கிலோவுக்கும் குறைவு. முதல் ஆலோசகர் எனக்கு வைத்த இலக்கு மூன்று மாதத்தில் 20 கிலோ.

எல்லோருக்கும் இந்த முறை பொருந்தாது என்பதையும் மறைக்க மாட்டேன். தம்மை மீறி மிகையாக உண்டு, பின்னர் வேதனைப்படுவது ஒருவருக்கு வாரந்தோறும் நடந்தால், அது ஒரு நோயாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் மிகையுணவுக் கோளாறு தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுபவர்களும் உங்களிடம் வருகிறார்கள். அவர்களிடம் கலோரிக் கணக்கைக் கொடுப்பதும் தீங்கு, 'அளவோடு உண்ணுங்கள்' என்று சொல்லி அனுப்புவதும் தீங்கு. எடை பார்ப்பதற்கு முன் இதைக் கேட்டறிந்து, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். என்னிடம் முதல் ஆலோசகர் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த இரவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாசல் கிடைத்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் அன்று. உங்கள் படிவங்களில் 'அனுமதிக்கப்பட்டவை', 'தடை செய்யப்பட்டவை' என்ற இரண்டு தலைப்புகள் இருந்தால், மருத்துவக் காரணம் இல்லாத இடங்களில் அவற்றை எடுத்துவிடுங்கள். சிவப்பு மையைக் கைவிடுங்கள். குறிப்பேட்டில் என்ன உண்டோம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், அதற்கு முன் எத்தனை மணிக்கு உண்டோம், அப்போது பசி எவ்வளவு இருந்தது என்ற இரண்டு கட்டங்களைச் சேருங்கள். யாராவது வெற்றுப் பக்கத்தோடு வந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தப் பக்கத்தில் எதை எழுத அஞ்சினார் என்று மெல்லக் கேளுங்கள். அவர் சொன்னபின், கடிந்துகொள்ளாமல், அந்த வரிகளை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நான் என்னுடைய பழைய பக்கத்தை, நான்கு ஆண்டுகள் கழித்து, சென்ற மாதம்தான் நிரப்பினேன்: இரண்டு துண்டு கேக், இரவு 11 மணிக்கு வேறு சில.

மதிப்புடன்,
ஒருகாலத்தில் உங்களிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒருவர்